பழைய காரின் மின்கணக்கு

சில மாதங்களுக்கு முன், டிசம்பர் மாதக் காலைப்பொழுது ஒன்றில், நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் புனேயிலுள்ள நம் கிளைக்கு வந்தார். எழுபதைக் கடந்தவர், கட்கிப் பகுதியில் வசிக்கும் தமிழர். வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும் என்றும், போதாத தொகைக்கு வாகனக் கடன் பெற இயலுமா என்றும் கேட்டார். அந்த வைப்பு, துணைவியாரின் சிகிச்சைக்கென அவர் ஒதுக்கியது என்பதை நாம் அறிவோம். காரணம் கேட்டோம்.

"கார் எந்த நாள் கிளம்பும், எந்த நாள் கிளம்பாது என்றே தெரியவில்லை சார். வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறு மணிக்கு அவளை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். போன வாரம் வண்டிக்குள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்" என்றார்.

அவருடையது பதினெட்டு ஆண்டுப் பழமையுள்ள சிறிய பெட்ரோல் கார். பதினாறு மாதங்களில் இருமுறை புதிய பேட்டரி போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நன்றாக ஓடும்; பின்னர் பழைய கதை. இப்போது ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதற்குமேல் இந்த வண்டிக்குச் செலவழிப்பது வீண் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

வைப்பை முடிக்கும் படிவத்தை நாம் உடனே நீட்டவில்லை. ஒரு வாரம் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டோம். இயந்திரத்தைப் பற்றி வங்கி அலுவலருக்கு என்ன தெரியும் என்று வாசகர்கள் நினைக்கலாம். நாமும் பழைய கார் ஒன்றைப் பல்லாண்டுகளாக வைத்திருப்பவர்தாம். அதனால் சில பாடங்களைப் பணம் கொடுத்தே கற்றிருக்கிறோம். மேலும், காரின் மின்னமைப்பு பெரும்பாலும் வரவு செலவுக் கணக்குதான். கணக்கைச் சரிபார்க்காமல் பொருளை மாற்றுவதால் விளையும் நட்டத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று உறுப்புகள், ஒரு கணக்கு

காரைக் கிளப்பும் பணியில் மூன்று உறுப்புகள் ஈடுபடுகின்றன. முதலாவது பேட்டரி. இது மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. போட்டு வைத்ததைத் திருப்பித் தருகிறது. சேமிப்புக் கணக்கைப் போன்றது. இரண்டாவது, மக்கள் 'செல்ஃப்' என்று அழைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து பெருந்தொகையை ஒரே வீச்சில் எடுப்பது இதுவே. மூன்றாவது ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று, விளக்கு, ஹாரன், வைப்பர் ஆகியவற்றின் செலவை ஏற்பதோடு, பேட்டரியிலிருந்து எடுத்ததையும் திரும்பச் செலுத்துகிறது. பழைய மெக்கானிக்குகள் பலர் இதை இன்றும் 'டைனமோ' என்றே சொல்வார்கள். முற்காலக் கார்களில் அந்த இடத்தில் டைனமோதான் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை மிகப் பழையது. ஈய அமில பேட்டரியை பிரான்ஸ் நாட்டின் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டு உருவாக்கினார். கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஆபத்தான வழக்கத்துக்கு மாற்றாக, சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. நம் நாட்டில், சென்னையை அடுத்த பாடியில் 1961இல் நிறுவப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் இவ்வகை உறுப்புகளைத் தயாரித்து வருகிறது. புனேவும் இத்தொழிலுக்கு அந்நியமன்று. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966 முதல் இந்நகரில் இயங்குகிறது. பிம்ப்ரியில் உருவான இண்டிகா கார் 1998ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாயிற்று. சின்ச்வடில் பேட்டரித் தொழிற்சாலை உண்டு. பழைய வண்டிகளுக்கான உதிரிபாகங்களுக்கு நானா பேட்டைக் கடைவீதி இருக்கிறது. ஆகவே, இங்கே பழைய காரை வைத்திருப்பது அரிய செயலன்று.

ஒரு முறை காரைக் கிளப்ப எவ்வளவு மின்சாரம் செலவாகிறது? சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் ஏறத்தாழ 150 ஆம்பியர் இழுக்கிறது எனவும், மூன்று வினாடியில் எஞ்சின் கிளம்புகிறது எனவும் கொள்வோம். 150ஐ 3ஆல் பெருக்கி, ஒரு மணி நேரத்திலுள்ள 3600 வினாடிகளால் வகுத்தால் 0.125 ஆம்பியர் மணி கிடைக்கும். சிறிய காரின் பேட்டரிக் கொள்ளளவு பொதுவாக 35 ஆம்பியர் மணி. அதாவது, எடுக்கும் மொத்தத் தொகை மிகச் சிறிது. எடுக்கும் வேகமே பெரிது. ஓட்டத் தொடங்கிய சில நிமிடங்களில் ஆல்டர்னேட்டர் அதை ஈடுகட்டிவிடும். ஆகவே, நலமான காரில் பேட்டரி என்றும் நிறைந்தே இருக்க வேண்டும். அது அடிக்கடி காலியாகிறதென்றால், ஒன்று வரவு குறைகிறது, அல்லது எங்கோ தெரியாத செலவு நடக்கிறது, அல்லது பணம் போய்ச் சேரும் வழியில் தடை இருக்கிறது. கணக்கே கெட்டுவிட்டது என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

ஓசை தெரிவிக்கும் செய்தி

சாவியைத் திருப்பும்போது கேட்பதையும் காண்பதையும் குறித்துக்கொள்வது முதற்படி.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுழன்றால் பேட்டரியில் இருப்பு குறைவு, அல்லது வயர் இணைப்பில் தடை. 'டக் டக் டக்' என்று தொடர்ந்து வேகமாக ஒலித்து டாஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பெரும்பாலும் பேட்டரி காலி. விளக்குகள் பளிச்சென எரிய, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு நின்றால் செல்ஃபின் சொலினாய்டு, தேய்ந்த கார்பன் பிரஷ், அல்லது தடித்த வயர் இணைப்பைச் சந்தேகிக்கலாம். எந்த ஓசையும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால் சாவி சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லையெனில், குறை இந்த மின்கணக்கில் இல்லை. எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கிறது. அப்போது புதிய பேட்டரி வாங்குவது வீண்செலவு.

டாஷ்போர்டிலுள்ள சிவப்பு பேட்டரி விளக்கையும் கவனிக்க வேண்டும். சாவியை 'ஆன்' நிலையில் வைத்ததும் அது எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்பது பலருக்கும் தெரியும். சாவியைத் திருப்பியும் அது எரியாமலே இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பல பழைய கார்களில் அந்தச் சிறிய பல்பின் வழியே செல்லும் மின்சாரமே ஆல்டர்னேட்டரை விழிக்கச் செய்கிறது. பல்பு போனால் ஆல்டர்னேட்டர் தன் பணியைத் தொடங்காமலே இருந்துவிடக்கூடும். சிறிய பல்புக்காகப் பெரிய உறுப்பை மாற்றியவர்களும் உண்டு.

மூன்று அளவுகள்

அடுத்த படிக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் தேவை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை நேர்மின்னோட்டத்தின் 20 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் கூட்டல் குறியிட்ட டெர்மினலிலும், கறுப்பு முனையைக் கழித்தல் குறியிட்ட டெர்மினலிலும் வைத்தால் போதும்.

முதல் அளவு, காலையில் காரைத் தொடுவதற்கு முன் எடுக்க வேண்டியது. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு இருப்பு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். 12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட் காட்டினால் சரியாக இருக்கிறது என்று நினைப்பது பரவலான பிழை.

இரண்டாம் அளவு, ஒருவர் சாவியைத் திருப்பி செல்ஃபை இயக்கும்போது மற்றவர் பார்க்க வேண்டியது. நிறைந்த பேட்டரியில் இது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகலாகாது. போனால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கலாம்.

மூன்றாம் அளவு, எஞ்சின் ஓடும்போது எடுப்பது. பெரும்பாலான பழைய கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் போட்டபின்னும் எஞ்சினைச் சற்று முடுக்கினால் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். 13 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பெல்ட், ஆல்டர்னேட்டர், இணைப்பு என்ற வரிசையில் பார்க்கலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அதை அலட்சியம் செய்தால் பேட்டரியின் நீர் வற்றிவிடும்.

முதல் அளவு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து பேட்டரி கெட்டுவிட்டது எனத் தீர்மானிக்கலாகாது. காலியான பேட்டரியும் கெட்ட பேட்டரியும் ஒன்றல்ல. இருப்பு இல்லாத கணக்கை முடிந்துபோன கணக்கு என்று நாம் சொல்வதில்லை அல்லவா? சார்ஜரில் வைத்து மெதுவாக, முழுமையாக நிரப்பி, சில மணி நேரம் ஓயவிட்டு, அதன்பின் கடையில் லோடு டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். நிரப்பிய பின்னும் தாங்கவில்லையெனில், அப்போது மாற்றலாம்.

கட்கியில் கண்டது

வாடிக்கையாளர் வந்துபோன அடுத்த ஞாயிறன்று, நமக்குப் பழக்கமான மராத்தி மெக்கானிக் ஒருவருடன் கட்கிக்குச் சென்றோம். காலையில் எடுத்த முதல் அளவு 12.2 வோல்ட், வாங்கி ஐந்தே மாதமான பேட்டரியில் பாதி இருப்பு! செல்ஃப் தள்ளாடியபடி சுழன்றது. எனினும், அந்நேரம் பேட்டரியில் எடுத்த இரண்டாம் அளவு 10.8 வோல்ட், அவ்வளவு மோசமில்லை. எஞ்சின் ஓடும்போது, எல்லா விளக்குகளையும் போட்டபின் பேட்டரியில் 13.5 வோல்ட். இதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் தளர்ந்துவிட்டது என்று ஒருவர் கருதியது இயல்பே.

மெக்கானிக் அத்துடன் நிற்கவில்லை. மீட்டரின் முனைகளை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும் அதன் உலோக உடலிலும் வைத்தார். 14.2 வோல்ட் காட்டியது. கொடுப்பவர் சரியாகத்தான் கொடுக்கிறார். பெறுபவருக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் 0.7 வோல்ட் காணாமற்போயிருந்தது.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் கழித்தல் டெர்மினலிலும் மறு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, செல்ஃபை இயக்கச் சொன்னார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை; ஆகவே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி, மிஞ்சினால் 0.2 அல்லது 0.3 வோல்ட் காட்ட வேண்டும். காட்டியதோ 2.2 வோல்ட்.

குறை அகப்பட்டுவிட்டது. எஞ்சின், ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், காரின் உடலோடு அதை மின்வழியில் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. எர்த் வயர் என்பார்கள். பதினெட்டு மழைக்காலங்களைக் கண்ட அந்தப் பட்டை, பச்சைப் பூஞ்சணம் படிந்து, பாதி இழைகள் அறுந்து, துருவேறிய போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃபுக்குப் போன மின்சாரமும் ஆல்டர்னேட்டரிலிருந்து வந்த மின்சாரமும் திரும்பிச் செல்ல வேண்டிய ஒரே நல்ல பாலம் அதுவே. இதனால் செல்ஃபுக்கு வலு குறைந்தது. பேட்டரிக்கும் வரவு குறைந்தது. புதிய பேட்டரி, கடையில் நிரப்பிய இருப்பை வைத்துச் சில வாரங்கள் சமாளிக்கும். பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். குளிர்ந்த டிசம்பர் அதிகாலையில், இருப்பும் குறைந்து எஞ்சின் எண்ணெயும் இறுகும்போது, முற்றிலும் மறுத்துவிடும்.

நானா பேட்டையில் வாங்கிய புதிய பட்டையின் விலை சில நூறு ரூபாய். போல்ட் இருந்த இடத்தை உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பட்டையை முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினார் மெக்கானிக். மீண்டும் அளந்தபோது 2.2 என்பது 0.1 ஆகியிருந்தது. பேட்டரியை ஓர் இரவு முழுதும் சார்ஜரில் வைத்தோம். ஆல்டர்னேட்டரைத் தொடவில்லை.

இதிலிருந்து கொள்ள வேண்டிய நெறி எளிது: உறுப்பைச் சந்தேகிக்கும் முன் வயரைச் சந்தேகியுங்கள். பேட்டரி டெர்மினல்களில் வெண்மையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ படிந்திருப்பதைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம். கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது கழித்தல் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும்.

நின்றிருக்கும் காரில் கரையும் இருப்பு

மூன்று அளவுகளும் வயர்களும் சரியாக இருந்தும், சில நாள் நிறுத்திய கார் கிளம்பவில்லையெனில், நாம் அறியாமல் மாதந்தோறும் கழிக்கப்படும் கட்டணம் போன்ற ஒன்று நடக்கிறது. கடிகாரம், அலாரம், ரேடியோ நினைவகம் ஆகியவை எப்போதும் சிறிது மின்சாரத்தை அருந்துகின்றன. 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு எனலாம். அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 17. சிறிய பேட்டரியின் பாதி! 2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கின்போது, வாரக்கணக்கில் நின்ற கார்கள் பல கிளம்ப மறுத்ததன் காரணம் இதுவே.

டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஒன்றே நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி தின்றுவிடும். நான்காம் நாள் பேட்டரி காலி. பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டம், கேமரா, கூடுதல் ஹாரன் ஆகியவையே இத்தகைய கசிவுக்கு அடிக்கடி காரணமாகின்றன. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டரைத் தொடரில் இணைத்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் எந்த வழியில் கசிகிறது என்பது தெரிந்துவிடும். அவ்வாறு இணைத்திருக்கும்போது மறந்தும் செல்ஃபை இயக்கலாகாது, மீட்டர் எரிந்துவிடும்.

அவசர வேளையில்

வேறொரு காரின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் வழியே உதவி பெறும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளை முதலில் காலியான பேட்டரியின் கூட்டல் முனையிலும், பின் நல்ல பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, அதன் கடைசி முனையைக் கிளம்பாத காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். அதன் அருகில் தீப்பொறி எழுந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. கழற்றும்போது இவ்வரிசை தலைகீழாகும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் டைனமோ சரி என்று தீர்ப்பளிக்கும் பழைய வழக்கம் இன்றும் சில இடங்களில் உள்ளது. இதை அனுமதிக்காதீர்கள். அக்கணம் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியையும் கெடுத்துவிடலாம்.

பணம் செலவிடும் முன்

வங்கியாளராகச் சில சொற்கள். பேட்டரி வாங்கும்போது வாரண்டி அட்டையில் விற்பனைத் தேதியும் முத்திரையும் உள்ளனவா என்று பார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இலவசமாக மாற்றித்தரும் காலம் எது, விலையில் ஒரு பகுதியை மட்டும் கழித்துத்தரும் காலம் எது என்பதைக் கேட்டறியுங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே ஒப்படைத்தால் விலையில் கழிவு கிடைக்கும்; 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் உரியவரிடம் அளிக்க வேண்டும் என்கின்றன. ஈயமும் அமிலமும் மண்ணுக்குக் கேடு.

வழக்கமான மோட்டார் காப்பீடு, தேய்மானத்தையும் இயந்திர, மின்பழுதையும் ஏற்பதில்லை. எனினும், வழியில் நின்றுவிட்டால் உதவி அனுப்பும் கூடுதல் வசதியைச் சேர்த்துக்கொள்ள முடியும். பழைய கார் வைத்திருப்போர் புதுப்பிக்கும் வேளையில் இதைப் பற்றிக் கேட்பது நல்லது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு, வரி, காப்பீடு, ஓராண்டுப் பழுதுச் செலவு ஆகியவற்றை ஒரு பக்கமும், புதிய காரின் மாதத் தவணைகளை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். புதிய கார் வாங்குவதே சரி என்று கணக்கு சொன்னால் தயங்காமல் எங்களிடம் வாருங்கள். கடன் தருவது எங்கள் தொழில். ஆனால் அம்முடிவு கணக்கிலிருந்து பிறக்கட்டும்; ஒரு காலைப்பொழுதின் எரிச்சலிலிருந்து பிறக்க வேண்டாம்.

கட்கி வாடிக்கையாளர் பிப்ரவரியில் மீண்டும் வந்தார், ஓய்வூதியப் பதிவேட்டில் வரவு பார்க்க. கார் எப்படி என்று கேட்டோம். மல்டிமீட்டர் ஒன்றை அவரே வாங்கிவிட்டாராம். மருத்துவமனை செல்லும் நாள்களுக்கு முந்தைய மாலையில் ஒரு முறை அளந்து, நாள்காட்டியில் குறித்துவைக்கிறாராம். "நேற்று 12.6 சார்" என்றார். வைப்புத்தொகை இன்னும் முதிர்வை நோக்கி நம்மிடமே இருக்கிறது.